பதிவே உரிமைப் பத்திரம்

தாமிரவருணிக் கரையில், அம்பாசமுத்திரத்துக்கு எதிரே அமைந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அவ்வூரின் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-ஆம் ஆண்டு நடராஜர் உள்ளிட்ட உலோகத் திருமேனிகள் களவாடப்பட்டன. காவல் துறை வழக்குப் பதிந்தது. துப்புத் துலங்காததால் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. அந்த நடராஜர் 2001-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலுள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தின் உடைமையானார். 37 ஆண்டுகளுக்குப் பிறகு, 2019 செப்டம்பரில்தான் தமிழகம் திரும்பினார்.

அவரை மீட்டதில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக் காவலர்களுக்கும், உலகக் கலைச் சந்தையில் நம் சிலைகளைத் தேடிக் கண்டறியும் தன்னார்வலர்களுக்கும், உண்மையை ஏற்றுக்கொண்ட அந்தக் கலைக்கூடத்துக்கும் பங்கு உண்டு. ஆனால், அந்தத் திருமேனி எந்த ஊரின் சொத்து என்பதை நிலைநாட்டிய சாட்சி ஒரு பழைய கருப்பு-வெள்ளைப் புகைப்படம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958-ஆம் ஆண்டு எடுத்த படம் அது.

படம் எடுத்தவர்கள் திருட்டைத் தடுக்க வந்தவர்கள் அல்லர்; கோயிற்கலையை ஆராய வந்தவர்கள். 1956-இல் தொடங்கி அவர்கள் எடுத்துச் சேர்த்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்ற குறிப்புகளோடு அவற்றை அடுக்கி வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேணினார்கள். தேவைப்பட்டவர்களுக்கு எடுத்துக் காட்டினார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையும் இதுவே. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிய அத்திருமேனி 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பியதற்கு, அதே நிறுவனத்தார் 1994-இல் எடுத்த படம் முக்கியச் சான்றாக அமைந்தது.

வீட்டுக்கும் நிலத்துக்கும் பத்திரம் இருக்கிறதா என்று பலமுறை பார்த்துக்கொள்ளும் சமூகம் நாம். பொதுச்சொத்தான பண்பாட்டுச் செல்வத்துக்கு அத்தகைய பத்திரம் எது என்ற கேள்விக்கு இவ்விரு நிகழ்வுகளும் விடை தருகின்றன. கலைப்பொருள்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் 1970-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையின் கீழ் ஒரு பொருளைத் திரும்பக் கேட்கும் நாடு, தன் கோரிக்கைக்கான சான்றுகளைத் தானே அளிக்க வேண்டும். களவுக்கு முன்பே, இடமும் காலமும் குறித்துச் செய்யப்பட்ட பதிவே அந்தச் சான்று. அது இல்லையேல் பக்தியும் நினைவும் வழக்கு மன்றத்தில் உதவா.

எடுப்பது மலிவு, பேணுவது செலவு

டிஜிட்டல் எனப்படும் எண்மத் தொழில்நுட்பத்தின் மூலம் மரபுச் செல்வங்களைப் பாதுகாப்பது பற்றி இன்று அரசுகள் நிறையவே பேசுகின்றன. சுவடிகளைக் கணக்கெடுத்து ஆவணப்படுத்த 'ஞான பாரதம்' இயக்கம் தொடங்கப்படும், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகள் அதில் அடங்கும் என்று 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்துள்ளது. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழிகளை அப்படியே கண்ணாடி வழியே காணும்படி களத்திலேயே காட்சிக்கூடம் அமைக்கப்பட்டுள்ளது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. பொருநைக் கரையில் பிறந்த எவருக்கும் பெருமை தருபவை.

ஆயினும், காட்சி வேறு, பதிவு வேறு. காட்சி பார்ப்பவரின் வியப்புக்காக அமைவது. பதிவு, நாளை ஐயம் எழும்போது விடை சொல்வதற்காக அமைவது. முன்னதற்குத் திறப்பு விழா உண்டு, பின்னதற்கு இல்லை. அதனாலேயே நிதி முன்னதை நோக்கி எளிதாகப் பாய்கிறது.

இதில் ஒரு பொருளியல் உண்மை அடங்கியிருக்கிறது. 1958-இல் ஒரு கோயிலைப் படமெடுப்பது பெருஞ்செலவு. கேமராவையும் படச்சுருளையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் செல்ல வேண்டும். கழுவி அச்சிட வேண்டும். இன்று கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பேசியாலேயே ஒரு சிலையைப் பல கோணங்களில் எடுத்து, அப்படங்களை இணைத்து முப்பரிமாண உருவாக்க முடியும். நகலெடுக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆனால், எடுத்தது எது என்று அறிந்து விவரம் எழுதும் செலவும், அதை ஆண்டாண்டாகப் பேணும் செலவும் அப்படிக் குறையவில்லை. அவற்றுக்கு இன்றும் படித்த மனிதர்களின் உழைப்பு தேவை. மலிவான பகுதியைத் திட்டமாக அறிவித்துவிட்டு, செலவு மிகுந்த பகுதியை விட்டுவிடுவதே பல எண்மத் திட்டங்களின் நோய். விளைவு, யாருக்கும் அடையாளம் தெரியாத லட்சக்கணக்கான படங்கள் நிறைந்த வன்தட்டுகள்.

இடம் இழந்த பொருள்கள்

விவரம் இல்லாத பொருளுக்கு என்ன நேரும் என்பதற்கு ஆதிச்சநல்லூரைவிடச் சிறந்த பாடம் இந்தியாவிலேயே குறைவு. 1876-ஆம் ஆண்டு ஜெர்மானியரான ஃபெடோர் யாகோர் அங்கே தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குச் சென்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக் தோண்டியவை பாரிஸுக்குச் சென்றன. அதே காலகட்டத்தில் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ விரிவான அகழாய்வு நடத்தி, பொன் நெற்றிப்பட்டங்கள், விலங்கு உருவங்கள் அமைந்த வெண்கல மூடிகள், இரும்புக் கருவிகள் எனப் பெருந்தொகையான பொருள்களைக் கண்டெடுத்தார். அவர் தொகுத்த பொருள் அட்டவணை 1915-இல் சென்னை அரசு அச்சகத்தில் நூலாக வெளிவந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்று நாம் காணும் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களுக்கு அடையாளம் இருப்பது அந்த அட்டவணையால்தான்.

மூன்று நகரங்களில் சிதறிக் கிடக்கும் ஒரே ஊரின் பொருள்களை ஒருங்கே வைத்துப் பார்க்க எண்மத் தொழில்நுட்பத்தால் முடியும். பெர்லினிலும் பாரிஸிலும் உள்ளவற்றை மீட்டு வருவது நெடுங்கால அரசியல் முயற்சி. ஆனால், அவற்றின் முப்பரிமாணப் பதிவுகளையும் அந்தக் காலக் குறிப்பேடுகளின் நகல்களையும் கேட்டுப் பெறுவது ஒரு கடிதப் போக்குவரத்தின் அளவிலான வேலை. பொருநை அருங்காட்சியகம் ஏற்க வேண்டிய முதற்பணிகளில் ஒன்று இது.

சுதந்திர இந்தியாவிலும் கதை பெரிதாக மாறிவிடவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. 2004-05-இல் மத்தியத் தொல்லியல் துறை ஆதிச்சநல்லூரில் மீண்டும் அகழாய்வு செய்து நூற்றுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகளைக் கண்டது. ஆனால், அங்கு கிடைத்த பொருள்களின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று கண்டறியப்பட்ட செய்தி 2019-இல்தான் வெளியே வந்தது. அதுவும் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நடைபெற்ற வழக்கின்போது. இடைப்பட்ட 15 ஆண்டுகளில் ஒரு தலைமுறை ஆய்வு மாணவர்கள் பட்டம் பெற்று வேறு தலைப்புகளுக்குப் போய்விட்டனர். அகழாய்வு என்பது ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டே பக்கங்களைக் கிழித்தெறிவது போன்றது. தோண்டிய மண்ணடுக்கை மீண்டும் தோண்ட இயலாது. எஞ்சுவது பதிவு மட்டுமே. அந்தப் பதிவும் அலமாரிக்குள் இருந்துவிட்டால் தோண்டியதற்கே பொருள் இல்லை.

சிவகளை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்குள்ள தாழி ஒன்றில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான தமிழக அரசின் ஆய்வறிக்கை, சிவகளையில் இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை, கி.மு. 3345 வரை, கொண்டு செல்கிறது. உலக வரலாற்றையே திருத்தி எழுதச் சொல்லும் கூற்று இது. இத்தகைய கூற்றை மற்ற நாட்டு அறிஞர்கள் துருவித் துருவிக் கேட்கத்தான் செய்வார்கள். கேட்பது அவர்கள் கடமை. இங்கே காலம் கணிக்கப்பட்டது இரும்போடு கிடைத்த கரித்துண்டு போன்ற பொருள்களைக் கொண்டு. எனவே முழு வாதமும் அந்தக் கரித்துண்டு எந்தத் தாழியில், எந்த ஆழத்தில், இரும்புக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்ற விவரத்தில் நிற்கிறது. குழி வாரியான படங்கள், அளவைகள், நாட்குறிப்புகள், ஆய்வுக்கூட முடிவுகள் அனைத்தையும் யாரும் இறக்கிப் படிக்கும்படி இணையத்தில் வைப்பதைவிட வலுவான பதில் வேறில்லை. பெருமிதத்தைப் பேச்சால் காப்பதைவிடத் தரவால் காப்பது எளிது.

காலம் காத்திராது

பதிவுக்கு இன்னொரு நிபந்தனை, இழப்புக்கு முந்திக்கொள்வது. பழைய திருநெல்வேலிச் சீமைக்கு உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி வந்த வரலாறு தமிழ் படித்தோர் அறிந்தது. நெல்லையிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர்களின் இல்லங்களில் அவர் பெற்ற ஏடுகளின் துணையோடு 1889-இல் பத்துப்பாட்டு அச்சேறியது. அதே பயணங்களில், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் சடங்கின் பெயரால் தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியையும் அவர் கேட்டார். அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்பதை இனி எவரும் அறிய இயலாது. அவற்றின் பெயர்ப் பட்டியலேனும் இருந்திருந்தால், நாம் இழந்தது எது என்றாவது தெரிந்திருக்கும்.

இப்போது ஏடுகளைத் தீயில் இடுவார் இல்லை. ஆனால், ஆபத்துகள் குறைந்துவிடவும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் பெருமழையை இப்பகுதியினர் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. ஸ்ரீவைகுண்டம் வெள்ளத்தால் சூழப்பட்டு, திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற ரயில் அங்கேயே சிக்கிக்கொண்டது. நம் ஊர்களும் கோயில்களும் பழைய இல்லங்களும் ஆற்றை ஒட்டியே அமைந்தவை. ஏடும் காகிதமும் ஒலிநாடாவும் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கின்றன என்பதை அந்த இரு நாள்கள் நமக்கு நினைவூட்டின. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய முயற்சி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடித் தேடி எண்மமாக்கி வருகிறது. இருந்தும், ஒரே படியாக இருந்து எரிந்துபோனவற்றை அதனாலும் மீட்க இயலாது.

இழப்பு எப்போதும் வெள்ளமாகவோ தீயாகவோ வருவதில்லை, மெல்லவும் வரும். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலின் ஐந்துநிலைக் கோபுரத்தின் உட்சுவர்களில் உள்ள ஓவியங்கள் தமிழகத்தின் அரிய கலைச்செல்வங்கள். போர்க் காட்சிகளும், கப்பலில் குதிரைகள் வந்திறங்கும் காட்சியும் அவற்றுள் உண்டு. சுண்ணப் பூச்சின் மீதான இத்தகைய ஓவியங்களை ஈரமும் வௌவால் எச்சமும் சிறிது சிறிதாகத் தின்னும். இவற்றை ஒருமுறை படமெடுத்தால் போதாது. குறித்த இடைவெளியில், அதே கோணத்தில், அதே ஒளியில், நிற அளவுகோலை வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தால்தான் எந்த இடத்தில் எவ்வளவு வேகமாக நிறம் மங்குகிறது, பூச்சு பெயர்கிறது என்பது தெரியும். நோயாளியின் பழைய பரிசோதனை அறிக்கைகள் மருத்துவருக்கு உதவுவது போல, அந்தத் தொடர்ப்பதிவு பாதுகாப்பு வல்லுநருக்கு உதவும். பாரிஸ் நோத்ர தாம் பேராலயம் 2019-இல் தீப்பற்றியபோது, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கலை வரலாற்றாசிரியர் ஒருவர் லேசர் கருவியால் செய்து வைத்திருந்த அளவைப் பதிவு மறுகட்டுமானத்துக்குத் துணை நின்றது. அவரும் தீயை எதிர்பார்த்து அளந்தவர் அல்லர்.

மூடிய பெட்டகமா, திறந்த பதிவேடா?

கோயில் திருமேனிகளைப் பற்றிய படங்களையும் விவரங்களையும் பொதுவில் வைத்தால் திருடர்களுக்கு வழிகாட்டுவதாகிவிடாதா என்று அதிகாரிகளும் பக்தர்களும் கேட்பதுண்டு. இந்த அச்சத்தைப் புறக்கணித்துவிட முடியாது. எந்தக் கோயிலில் எந்த அறையில் எத்தனை பூட்டுகளுக்குப் பின்னால் திருமேனி இருக்கிறது என்பதை வெளியிட வேண்டியதில்லை. மூலவரைப் படமெடுக்கலாகாது என்ற ஆகம மரபையும் மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால், ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளூரில் துப்புக் கொடுப்பவனுக்கு எந்தத் திருமேனி எங்கே இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும். தெரியாதவர்கள் அதை வாங்கப்போகும் அருங்காட்சியகத்தாரும், ஏலக்கூடத்தாரும், துறைமுகச் சுங்க அதிகாரியும்தான். இவர்கள் ஒரு சொடுக்கில் சரிபார்க்கும்படி பதிவேடு இருந்தால், திருடப்பட்ட பொருளுக்கு வாங்குவோர் அருகிவிடுவர். சந்தையில் விலை விழுந்தால் திருட்டின் ஆதாயமும் விழும். காவலாளியின் தடிக்கு எட்டாத இடத்தில் தகவல் காவல் காக்கும். ஒரு கலைப்பொருளை அடையாளம் காணத் தேவையான குறைந்த அளவு விவரங்கள் எவை என்பதற்கு 1997 முதல் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற பன்னாட்டு நெறிமுறை இருக்கிறது. படம், பொருளின் வகை, உலோகம், அளவு, எழுத்துப் பொறிப்பு, தேய்மானம் அல்லது உடைவு போன்ற தனி அடையாளங்கள் ஆகியவையே அதில் முக்கியமானவை. இவற்றை வெளியிடுவதால் எந்தப் பூட்டும் திறந்துவிடாது.

மூடி வைப்பதால் பாதுகாப்பு கிட்டும் என்ற நம்பிக்கைக்கு நம் அனுபவமும் துணை நிற்கவில்லை. மத்திய அரசால் பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்ட நினைவுச் சின்னங்களிலேயே 92-ஐக் காணவில்லை என்று இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. பிறகு அவற்றில் பல தேடிக் கண்டறியப்பட்டன. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. எந்த ஊரில் வைப்பது என்ற விவாதத்தில் நாம் காட்டிய ஆர்வத்தை, எல்லா ஊரிலிருந்தும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றுவதிலும் காட்ட வேண்டும்.

முதல் கெடாத நிதி

எண்மப் பதிவு என்றென்றும் அழியாது என்பது பரவலான தவறான நம்பிக்கை. கல்லில் வெட்டியது ஆயிரம் ஆண்டு நிற்கிறது. பனையோலை முன்னூறு ஆண்டு நிற்கக்கூடும். வன்தட்டு பத்தாண்டு நிற்பதே அரிது. தமிழருக்கு இதில் தனிப்பட்ட அனுபவமே உண்டு. 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு தமிழைத் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துரு மறைந்ததும், உழைத்து உள்ளிட்ட பக்கங்கள் பொருளற்ற குறிகளாக மாறிப்போயின. ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இல் ஏற்ற பிறகே இச்சிக்கல் தணிந்தது. நில அளவையிலும் நெற்கணக்கிலும் நம் முன்னோர் பயன்படுத்திய மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் ஒருங்குறியில் இடம்பெற்றது 2019-இல்தான். 1998-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட 'மதுரைத் திட்டம்' இன்றும் படிக்கக் கிடைக்கிறதென்றால், அதன் கோப்புகளைக் காலத்துக்கேற்ற குறிமுறைக்கு மாற்றிக்கொண்டே வந்ததும் ஒரு காரணம்.

ஆக, பதிவைப் பேணுவது தொடர்செலவு. நம் நிதி ஒதுக்கீட்டு முறையோ திட்டம் சார்ந்தது. மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் ஒப்பந்தப் பணியாளர்கள் விடைபெறுவர், இணையதளத்தின் ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாது, தளம் மறையும். பொதுப் பணத்தில் எடுத்த படங்கள் ஒப்பந்த நிறுவனத்தின் கணினியிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

இதற்கான தீர்வை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலுக்கு உரியதாக, வரகுண பாண்டியனின் ஒன்பதாம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயில் வழிபாட்டுக்காக மன்னன் 290 காசுகளை இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைக்கிறான். முதலைச் செலவழிக்கக் கூடாது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வீதம் 580 கலம் நெல்லைச் சபையார் அளந்து கொடுக்க வேண்டும். எந்தப் படையலுக்கு எவ்வளவு என்ற பட்டியலும் கல்லிலேயே இருக்கிறது. திருச்செந்தூரிலும் இதே முறையில் 1,400 காசுகள் பல ஊர்ச் சபைகளிடம் பகிர்ந்து வைக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது.

பொருளியல் நோக்கில் இந்த ஏற்பாட்டின் நுட்பம் வியக்கத்தக்கது. தொடர்செலவுக்குத் தொடர்வருவாய், முதல் கெடாமை, பொறுப்பேற்கும் உள்ளூர் அமைப்பு, யாரும் படித்துச் சரிபார்க்கும்படி பொதுவிடத்தில் பொறித்த கணக்கு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விளக்கும் ஒரு படையலும் நின்றுவிடாதிருக்கச் செய்த ஏற்பாட்டை, அந்தக் கல்வெட்டின் எண்மப் படி நின்றுவிடாதிருக்க நாம் செய்ய மாட்டோமா? ஒவ்வோர் எண்மமாக்கத் திட்டத்திலும் ஒதுக்கீட்டின் ஒரு பகுதியைச் செலவழிக்காத முதலாக வைத்து, அதன் வட்டியிலிருந்து பராமரிப்பை நடத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒருவர் படிப்பதால் மற்றவருக்குக் குறையாத பொதுப்பண்டம் அறிவு. இத்தகைய பண்டத்தைச் சந்தை தானாக வழங்காது. அரசும் அறக்கொடையும் சேர்ந்துதான் வழங்க வேண்டும்.

பாடுவோரின் பங்கு

கல்லும் உலோகமும் ஓலையும் மட்டுமே மரபு அல்ல. வில்லிசையும் கணியான் கூத்தும் இந்த ஆற்றங்கரையின் உயிர்மூச்சு. மகுடத்தின் முழக்கத்தோடு விடிய விடிய நிகழும் கதைப்பாட்டு, ஏட்டில் உள்ள வரிகளைவிட விரிந்தது. முத்துப்பட்டன் கதை போன்றவற்றை அச்சில் கொண்டுவந்த நா. வானமாமலையும், அவர் 1967-இல் தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் இத்துறையில் ஆற்றிய பணி பெரிது. கடந்த தலைமுறை ஆய்வாளர்கள் ஒலிநாடாவில் பதிவு செய்த நிகழ்ச்சிகள் பல இடங்களில், பல வீடுகளில் உள்ளன. காந்தநாடா காலப்போக்கில் சிதையும். அதை இயக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அவசரம் மிகுதி.

ஆனால், இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. சிலைக்கு வாய் இல்லை, பாடகருக்கு உண்டு. அவருடைய குரலைப் பதிந்து இணையத்தில் ஏற்றும் உரிமை யாருக்கு? நம் பதிப்புரிமைச் சட்டம் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிகழ்த்துநர் உரிமையை ஏற்கிறது. நடைமுறையில், கொடை விழாவில் பாடும் கலைஞரிடம் ஒப்புதல் கேட்பதோ, அவர் பெயரைக் குறிப்பதோ அரிது. காணொலியால் வரும் விளம்பர வருவாய் எங்கோ போகிறது. கோயிலில் மட்டும், இரவில் மட்டும் பாட வேண்டிய பகுதிகளை வெளியிடலாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அச்சமூகத்துக்கே உண்டு. ஒப்புதல், பெயர், ஊதியம், பதிவின் ஒரு படி அந்த ஊருக்கே திரும்புதல் ஆகிய நான்கும் இல்லாத ஆவணப்படுத்தல், யாகோர் தாழிகளைக் கப்பலேற்றியதன் மறுவடிவமே ஆகும்.

ஆற்றைப் பின்தொடரும் பதிவேடு

தாமிரவருணி ஒன்று, நிர்வாகம் பல. 1986-இல் தூத்துக்குடியும், 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. சிற்றாற்றின் கரை ஒரு மாவட்டத்தில், அது பொருநையில் கலக்கும் சீவலப்பேரி ஒரு மாவட்டத்தில், ஆதிச்சநல்லூரும் கொற்கையும் இன்னொன்றில். கோயில் அறநிலையத் துறையிடம், கல்வெட்டு தொல்லியல் துறையிடம், ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளும் அவற்றின் பழைய மடைக் கணக்குகளும் நீர்வளத் துறையிடம் எனப் பொறுப்பும் பிரிந்து கிடக்கிறது. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை ஆற்றைப் பின்தொடரும் ஒரே பொதுப் பதிவேடு வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை ஒருங்கிணைப்பாளராக வைத்து, மூன்று மாவட்டக் கல்லூரிகளின் தமிழ், வரலாறு, கணினித் துறை மாணவர்களுக்கு உதவித்தொகை அளித்து இதைத் தொடங்கலாம்.

தொடக்கத்திலேயே விலையுயர்ந்த லேசர் கருவிகளும் மெய்நிகர்க் கண்ணாடிகளும் தேவையில்லை. நான்கு பக்கப் படம், அளவு, இடம், தனி அடையாளம், பதிந்தவர் பெயர், நாள் என்ற எளிய படிவத்தில் எல்லாவற்றையும் முதலில் பதிந்துவிட வேண்டும். நூறு பொருள்களைச் சிறப்பாகப் பதிவதைவிடப் பதினாயிரம் பொருள்களைப் போதிய அளவில் பதிவது மேல். களவும் வெள்ளமும் சிறந்தவற்றை மட்டும் தேர்ந்து வருவதில்லை. கோப்புகள் எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாத திறந்த வடிவங்களில், குறைந்தது மூன்று படிகளாக, ஒன்றேனும் இந்த ஆற்றின் வெள்ளம் எட்டாத வெளியூரில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அவை திறக்கின்றனவா என்று சோதித்து அறிக்கை வெளியிட வேண்டும். அகழாய்வு முடிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மூலத் தரவுகளைப் பொதுவில் வைப்பதை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும்.

அடுத்த நிதிநிலை அறிக்கைக்கான முன்மொழிவுகள் தயாராகும்போது, கட்டடத்துக்கும் காட்சிக்கும் கேட்கப்படும் தொகையின் அருகே, பதிவைப் பேணும் முதலுக்கென ஒரு வரி இருக்கிறதா என்று நம் சட்டப்பேரவை உறுப்பினர்களும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவினரும் பார்க்க வேண்டும். இந்த ஆற்றங்கரையில் ஒருமுறைகூடப் படமெடுக்கப்படாத திருமேனிகளும், பட்டியலிடப்படாத ஏட்டுக் கட்டுகளும் இன்னும் உள்ளன. அவை இன்று நம்மிடம் இருக்கின்றன என்பதற்கு நம்மைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).